மூன்று வாரம் தாமதமாகப் போன ஒரு கடிதம்: நோயால் படிப்பை நிறுத்திவைத்த மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

2020-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கவுன்சலிங்கில் சீட் வாங்கி எங்கள் கல்லூரிக்கு வந்தவள் அந்த மாணவி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் பொறியியல் கல்லூரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா வீட்டில் தறிக்குத் தார் நூல் சுற்றுகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். இரண்டாம் ஆண்டில் நான் அவளுடைய கிளாஸ் அட்வைசர். அவளும் அவள் அப்பாவும் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். ஊர், பெயர், பிரிவு எதையும் சொல்லவில்லை.

நீண்ட நாள் நோயில் விழும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே படிப்பை முறைப்படி நிறுத்திவைக்க வழிகாட்ட வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்யவில்லை. அந்த நல்ல எண்ணத்தால் அவள் காலுக்கு என்ன ஆக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நோய்

முதுகுவலி மூன்றாம் செமஸ்டரிலேயே தொடங்கிவிட்டது. ஆன்லைன் வகுப்புக் காலத்தில் தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்ததால் வந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஊரில் ஒரு டாக்டர் வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். நான்காம் செமஸ்டர், 2022. லேபில் அவளைக் கவனித்தது நினைவிருக்கிறது. போர்டில் வயரைச் செருகும்போது ஒரு கையால்தான் வேலை செய்வாள். இன்னொரு கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தால் குனிந்து எடுக்க மாட்டாள். முதுகை நேராக வைத்துக்கொண்டே முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பாள். இப்படி எடுப்பது முதுகெலும்பில் கோளாறு உள்ளவர்கள் தன்னையறியாமல் செய்வது என்று பின்னால் எலும்பு டாக்டர் சொன்னார். நான் அதைப் பார்த்தேன், பதவிசான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல் மூன்றும் இருந்தன. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே அதற்கொரு காரணம் வைத்திருந்தாள். கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நடு முதுகில் இரண்டு முள்ளெலும்புகளும் அவற்றுக்கு இடையிலிருந்த வட்டும் அரித்துப்போயிருந்தன. ஊசி வழியாகத் திசு எடுத்து சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை செய்ததில் காசநோய்க் கிருமி உறுதியானது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். அதாவது முதுகெலும்புக் காசநோய். நுரையீரலில் இல்லாததால் அவளிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது.

நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. முதுகெலும்பு என்றால் குறைந்தது ஒரு வருடம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் பத்து மாதம் மூன்று மருந்து. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இவை இலவசம். எல்லா மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும், உடல் எடைக்கு ஏற்ப எண்ணிக்கை மாறும். அவள் எடை அப்போது 41 கிலோ, தினம் 3 மாத்திரை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: எட்டு வாரம் படுக்கை ஓய்வு, எழுந்தால் பெல்ட் போட்டுக்கொண்டுதான் எழ வேண்டும், மாடிப்படி கூடாது.

எங்கள் வகுப்பறை மூன்றாவது மாடியில்.

நான் போடாத கணக்கு

அந்த செமஸ்டரில் எங்களுக்கு 75 வேலைநாள். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும், அதாவது 57 நாள். மருத்துவக் காரணம் இருந்தால் 65 சதவீதம் வரை சான்றிதழ் வாங்கிக்கொண்டு விடுவார்கள், அது 49 நாள். அதற்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது. ஜூனியர் பேட்ச்சோடு அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும்.

நோய் உறுதியான அன்று 30 வேலைநாள் முடிந்திருந்தது. அவள் வந்தது 16 நாள், வராதது 14. மீதி 45 நாளில் எட்டு வார ஓய்வு 40 நாளைத் தின்றுவிடும். அப்புறம் ஐந்து நாளும் தவறாமல் வந்தாலும் மொத்தம் 21 நாள். 28 சதவீதம். இரண்டு நிமிடக் கணக்கு. வருகைப் பதிவேடு என் மேஜையில்தான் இருந்தது. நான் அந்தக் கணக்கைப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ‘வருஷம் போயிடும்’ என்ற இரண்டு சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் பயம்தான் காரணம் என்று படுகிறது. அப்பா போனில் பேசியபோது முதலில் கேட்டது அதைத்தான். “டீச்சர், மருந்து எவ்வளவு நாள் வேணும்னாலும் சாப்பிடட்டும். வருஷம் மட்டும் போகாம பாத்துக்குங்க.” நானும், “பாத்துக்கலாம்ங்க, நீங்க கவலைப்படாதீங்க” என்றேன். துறைத் தலைவரும் நல்ல மனிதர். இன்டர்னல் தேர்வுகளை மட்டும் வந்து எழுதட்டும், வருகையை எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றார். எதை வைத்து அட்ஜஸ்ட் செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படி மூன்று வாரம் போனது.

படிக்கட்டில்

இன்டர்னல் தேர்வுக்கு அவள் வந்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டா வந்தாய் என்று நான் கேட்கவில்லை. ஊரிலிருந்து இரண்டரை மணி நேர பஸ். சுடிதாருக்கு மேலே பெல்ட் தெரியக்கூடாது என்று அந்த வெயிலில் ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முதல் நாள் இரண்டு தாள் எழுதினாள். மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்தபடி எழுதினாள். நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாமல், அனுமதி கேட்டு, பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு மீதியை எழுதினாள்.

இரண்டாம் நாள் மதியம் தேர்வு முடிந்து இறங்கும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். “மேம், இடது கால் எங்க இருக்குன்னு தெரியல” என்றாள். அழவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செருப்பு கழன்று இரண்டு படி கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போகவில்லை. அவள் சொல்வதைக் கேட்காமல் போயிருந்தது. இரண்டு மாணவர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

எலும்பு அரித்த இடத்தில் சீழ் சேர்ந்து தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருந்தது. முதுகெலும்புக் காசநோயில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கவனிக்காமல் விட்டால் கால்கள் செயலிழக்கும். அவளுக்கு மருந்தும் முழு ஓய்வுமே போதுமானதாக இருந்தது, அறுவைச் சிகிச்சை வரை போகவில்லை. கால் பலம் திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. படி ஏறியதால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அவள் வந்திருக்கக் கூடாது என்றார். அந்த பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கடிதம்

மருத்துவமனை வராந்தாவில், ஒரு ஸ்ட்ரெச்சர் மேல் நோட்டை வைத்து, அவள் அப்பா கையால் எழுதிய கடிதம்தான் நாங்கள் மூன்று வாரம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டிய கடிதம்.

மாணவர்களிடையே இதில் பெரிய குழப்பம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கும்தான். ‘வித்ட்ரா’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு காரியங்களைச் சொல்கிறோம். ஒன்று தேர்விலிருந்து விலகுவது. வருகை முழுசாக இருந்து, தேர்வு நேரத்தில் மட்டும் உடம்பு முடியாமல் போனால், தேர்வுக்கு முந்தைய பத்து நாளுக்குள் விண்ணப்பித்து விலகிக்கொள்ளலாம். படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான். அது தேர்வெழுதியதாகக் கணக்கில் வராது, தோற்றதாகவும் ஆகாது. இன்னொன்று படிப்பை அடியோடு விடுவது, டிசி வாங்கிக்கொண்டு போவது. இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பது பிரேக் ஆஃப் ஸ்டடி. நோய், விபத்து போன்ற காரணத்துக்காகப் படிப்பை அதிகபட்சம் ஓராண்டு நிறுத்திவைத்து, விட்ட செமஸ்டரிலேயே வந்து சேர்வது. கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த ‘முன்கூட்டியே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு, வருகை குறைந்து, தேர்வெழுதத் தடுக்கப்பட்டவர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அந்தக் காலத்தை அங்கீகரிக்கப்பட்ட இடைவெளியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டிலும் போவது அதே ஒரு வருடம்தானே என்று தோன்றும். ஆனால் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்புக்கான விதியைப் பாருங்கள். எல்லாத் தாளிலும் முதல் முயற்சியிலேயே தேற வேண்டும், எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரியான சி.ஜி.பி.ஏ. 8.50-க்குக் குறையக் கூடாது, அனுமதி பெற்ற ஓராண்டு இடைவெளியையும் சேர்த்து ஐந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கூடவே, எந்த செமஸ்டரிலும் வருகைக் குறைவால் தடுக்கப்பட்டிருக்கக் கூடாது. கடிதம் கொடுத்துவிட்டு நோயில் படுத்தவருக்கு டிஸ்டிங்ஷன் உண்டு. கடிதம் கொடுக்காமல் படுத்தவருக்கு இல்லை.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. இவளுக்கு இரண்டு ஆண்டு முன்னால் படித்த ஒரு மாணவன் பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து நாலு மாதம் படுத்தான். யாரும் அவனுக்குப் பிரேக் பற்றிச் சொல்லவில்லை. வருகைக் குறைவு என்பதற்கான எஸ்.ஏ. என்று போட்டார்கள். அடுத்த வருடம் வந்து உட்கார்ந்து படித்து, 8.7 எடுத்து, வெறும் முதல் வகுப்போடு போனான். பட்டமளிப்பு நாளில் அந்தப் பட்டியலைப் பார்த்து அவன் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். ஆபீசில் முதலில் அதை வாங்கவில்லை. தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அடுத்து மருத்துவச் சான்றிதழ். ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதியிருந்தது, எவ்வளவு காலம் என்று இல்லை. காலம் குறிப்பிடாத சான்றிதழை வைத்து ஓராண்டு இடைவெளி கேட்க முடியாது. அப்பா தறி வேலையை விட்டுவிட்டு இரண்டு முறை மருத்துவமனைக்கு அலைந்தார். ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. நான் முதலிலேயே கேட்டு வாங்கச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும். நோய், சிகிச்சைக் காலம், எப்போதிலிருந்து வகுப்புக்கு வரத் தகுதி வரும் என்ற மூன்றும் எழுதப்பட்ட சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, முதல்வரின் பரிந்துரை எல்லாம் சேர்ந்து போய், ஐந்தாவது வாரத்தில் அனுமதி வந்தது.

இதற்கிடையில் உறவினர்கள் வேறு வழி சொன்னார்கள். பொறியியலை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஏதாவது டிகிரி படிக்கட்டும் என்றார் பெரியப்பா. அப்பா மனம் தளர்ந்து டிசி பற்றி விசாரிக்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். படிப்பை விட்டால் மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் சான்றிதழை வாங்கிப்போக வேண்டும் என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டார். அது தவறு. இடையில் நிற்கும் மாணவரிடம் அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வதை யு.ஜி.சி.யும் தடை செய்திருக்கிறது. கட்டிய பணம் திரும்ப வருவதுதான் கஷ்டம். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி சேர்க்கைக் கடைசி நாளிலிருந்து 30 நாள் தாண்டிவிட்டால் எதுவும் திரும்ப வராது. இரண்டாம் ஆண்டில் நோய் வருகிறவருக்கு அந்த விதி உதவாது. அவளுக்கு அந்த செமஸ்டர் கட்டணத்தை, திரும்பி வரும் செமஸ்டருக்கு வரவு வைத்தார்கள். துறைத் தலைவர் நேரில் போய்ப் பேசியதால் நடந்தது அது.

கல்விக் கடனும் இருந்தது. பிரேக் அனுமதி வந்த வாரமே அதன் நகலை வங்கியில் கொடுக்கச் சொன்னேன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கியின் ஏட்டில் படிப்பு 2024-இல் முடிகிறது. சொல்லாமல் விட்டால் இறுதியாண்டு முடியும்போதே தவணை கேட்டுக் கடிதம் வந்துவிடும். முன்மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்பு முடிக்கும் காலத்தை நீட்டிக்க இடம் இருக்கிறது. மேலாளர் குறித்துக்கொண்டார்.

தட்டும் டம்ளரும்

விடுதி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோய் பெயர் வெளியே தெரிந்ததும் அவளுடைய தட்டையும் டம்ளரையும் மெஸ்ஸில் தனியாக எடுத்து வைத்தார்கள். ஒரு மாணவியின் அம்மா போன் செய்து அறையை மாற்றச் சொன்னார். அவள் அப்போது மருத்துவமனையில் இருந்தாள், அறையில் இல்லவே இல்லை. அவள் பெட்ஷீட்டை யாரோ மடித்து வராந்தாவில் வைத்திருந்தார்கள்.

வார்டனைக் கூட்டிக்கொண்டு போய் மாணவிகளிடம் பேசினேன். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இருப்பது, 1959-இல் உலகத்துக்கே ஒரு செய்தி சொன்னது: சானடோரியத்தில் ஒதுக்கிவைத்துக் கொடுக்கும் மருந்து எவ்வளவு குணப்படுத்துமோ, வீட்டிலேயே வைத்துக் கொடுக்கும் மருந்தும் அவ்வளவு குணப்படுத்தும். கூட இருக்கும் வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. அது நுரையீரல் காசநோயாளிகளை வைத்து, நம் ஊர் ஏழைக் குடும்பங்களின் சின்ன வீடுகளில் செய்த ஆய்வு. இவளுக்கோ நுரையீரலில் நோயே இல்லை. தட்டை எதற்குத் தனியாக வைக்கிறீர்கள் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. பெட்ஷீட்டை உள்ளே எடுத்து வைத்தது அவளுடைய அறைத்தோழிதான்.

வீட்டில்

அந்த ஒரு வருடத்தை அவள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது போனில் கேட்டது மட்டும். இரண்டாவது சனிக்கிழமை கூப்பிடுவேன். மாத்திரை தொடங்கிய புதிதில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, ரத்தம் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறாள். ரிஃபாம்பிசின் மாத்திரையின் சாயம் அது, யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்துணவுக்காக, காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கணக்கில் வந்தது. அம்மா அதில் முட்டை வாங்கினார், கணக்கு நோட்டில் எழுதியும் வைத்தார்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஜூலையில் விலகிவிட்டாள். ஐந்தாம் செமஸ்டர் டைம்டேபிளைப் போட்ட அன்று. நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது

2023 தொடக்கத்தில், இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, தகுதிச் சான்றிதழோடு நான்காம் செமஸ்டரில் சேர்ந்தாள். இங்கேதான் நாங்கள் யாரும் எதிர்பாராத ஒரு முடிச்சு. அவள் 2020 பேட்ச், பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையின் (ரெகுலேஷன்) பாடத்திட்டம். சேர்ந்தது 2021 பேட்ச்சில், அவர்களுக்கு 2021 ஒழுங்குமுறை. திரும்பி வருகிறவர் வரும்போது நடப்பில் உள்ள பாடத்திட்டத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும். பழையதில் படிக்காமல் புதியதில் இருக்கும் தாள்களைக் கூடுதலாக எழுத வேண்டும். எந்தெந்தத் தாள் என்று கேட்டு, சேர்ந்த செமஸ்டரின் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். அவளுக்கு மூன்று தாள் வந்தது. இந்த முறை முதல் வாரத்திலேயே அனுப்பினோம். தாமதித்திருந்தால் கடைசி செமஸ்டரில் அந்தத் தாள்கள் வந்து நின்றிருக்கும்.

வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினோம். பெஞ்சில் முதுகுச் சாய்மானம் இல்லாததால் ஸ்டாஃப் ரூம் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டோம். மாணவர்கள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் மாதம் அந்தச் சொல் அவளைக் குத்தியிருக்கிறது. அப்புறம் லேப் ரெக்கார்ட் எழுதத் தெரியாதவர்கள் எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள்.

2025-இல் முடித்தாள். எல்லாத் தாளும் முதல் முயற்சியில். சி.ஜி.பி.ஏ. 8.37. டிஸ்டிங்ஷனுக்கு 0.13 குறைவு. அது மதிப்பெண்ணால் போனதே தவிர நோயால் போகவில்லை. வளாகத் தேர்வில் இடைவெளி பற்றிக் கேட்டவர்களிடம் அனுமதி உத்தரவின் நகலை எடுத்து நீட்டியிருக்கிறாள். ஒரு இடத்தில் வேண்டாம் என்றார்கள். இன்னொரு இடத்தில், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டார்கள்.

என் ஃபைலில் இப்போது பிரேக் விண்ணப்பத்தின் மாதிரி ஒன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஒரு மாணவர் தொடர்ந்து ஐந்து நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் செய்து, டாக்டர் எத்தனை வாரம் சொன்னார் என்று கேட்கிறேன். பதில் வந்ததும் பதிவேட்டைத் திறந்து கணக்குப் போடுகிறேன். எங்கள் கல்லூரியின் மருத்துவ விடுப்புப் படிவத்தில் ‘எதிர்பார்க்கும் சிகிச்சைக் காலம்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிவம் இன்னும் பழையதுதான். அதனால் அந்த வரியை நானே பேனாவால் எழுதி மாணவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.